ரஷ்யன், ரெட்ஃபூட், சல்காட்டா: மூன்று இன ஆமைகளை ஒரே முற்றத்தில் எப்படிப் பிரித்து வைப்பது?

தோட்டவாசல் (கேள்வி)

வணக்கம். என்னிடம் மூன்று தரை ஆமைகள் இருக்கின்றன. ரஷ்யன் ஆண், ஓட்டின் நீளம் 17 செ.மீ. ரெட்ஃபூட், 14 செ.மீ., ஆணா பெண்ணா இன்னும் தெரியவில்லை. சல்காட்டா, இரண்டு வயது, 19 செ.மீ., 1.4 கிலோ.

வெளியே 9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத்தில் முற்றம், லேசான சரிவு உண்டு. வீட்டுக்குள் 4க்கு 3 மீட்டரில் ஒரு அறையை இவற்றுக்கென்றே ஒதுக்கலாம். இப்போதைக்கு ரஷ்யனும் ரெட்ஃபூட்டும் ஐந்து வாரமாக ஒரே பெட்டியில் (120க்கு 60 செ.மீ.). சண்டை எதுவும் கண்ணில் படவில்லை, ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டுதான் தூங்குகின்றன. ஆனால் ரெட்ஃபூட்டின் எடை 610 கிராமிலிருந்து 575 ஆகியிருக்கிறது. சல்காட்டா தனியாகத்தான் இருக்கிறது.

கேட்க வேண்டியது மூன்று. முற்றத்தைக் கம்பிவலையால் மூன்றாகப் பிரித்தால் போதுமா? இல்லையென்றால் பிரிக்காமல், திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று என்று முறைவைத்து விடலாமா? அறைக்குள் மூன்றையும் எந்த வெப்பநிலையில் வைப்பது?

மண்மேடு (பதில்)

முற்றம் இருக்கட்டும். முதலில் ரெட்ஃபூட்டை இன்று இரவே வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். நல்ல பெட்டி தயாராகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, அதில் 8 செ.மீ. ஈரக் கோகோபீட் (தென்னைநார்த் தூள்), ஒளிந்துகொள்ள ஒரு மறைவு, தண்ணீர்த் தட்டு, தெர்மோஸ்டாட்டில் ஓடும் செராமிக் ஹீட்டர், ஒரு யூவிபி (வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்) குழல்விளக்கு. இரண்டு வாரத்தை இதில் ஓட்டிவிடலாம்.

ஒட்டிக்கொண்டு தூங்குவதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்டியில் சூடும் மறைவும் சரியாக அமைந்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு இரண்டும் போட்டி போடுகின்றன. ரஷ்யன் ஆண் மற்ற ஆமையை அடக்கும் விதம் பெரும்பாலும் சத்தமில்லாதது. பின்னாலேயே நடக்கும். குறுக்கே வந்து நின்று வழியை மறிக்கும். சாப்பாட்டுத் தட்டின் மேலேயே ஏறி உட்காரும். வெயில் காயும் விளக்கின் அடியிலிருந்து நகராது. முன்காலைக் கடிப்பதும் ஓட்டால் முட்டுவதும் மட்டும்தான் நம் கண்ணுக்குச் சண்டையாகத் தெரிகிறது. அதற்கு முன்பே மற்ற ஆமை சாப்பிடுவதைக் குறைத்திருக்கும், மறைவை விட்டு வெளியே வருவதையும் குறைத்திருக்கும்.

35 கிராம் என்பது உடல் எடையில் ஏறக்குறைய 6 சதவீதம். ஒரு முறை சிறுநீரும் மலமும் கழித்தாலே 3, 4 சதவீதம் இறங்கும் என்பதால் ஒரே ஒரு எடையை வைத்துப் பதற வேண்டாம். வாரம் ஒரு நாள், அதே நேரம், உணவு கொடுக்கும் முன் எடை போடுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து இறங்கினாலோ, மொத்தம் 10 சதவீதத்தைத் தொட்டாலோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

கடிப்பதற்கும் முட்டுவதற்கும் மேல் இன்னொரு ஆபத்து, கவிழ்ந்துபோவது. ஆமையின் நுரையீரல் முதுகு ஓட்டுக்குக் கீழே ஒட்டினாற்போல் இருக்கிறது. மல்லாந்து விழுந்தால் குடலும் மற்ற உறுப்புகளும் அதன் மேல் அழுத்தும். விளக்கின் அடியில் மல்லாந்து கிடந்தால் சூட்டிலேயே செத்துவிடும். சல்காட்டாவின் தொண்டைக்குக் கீழே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஓட்டுத் துண்டு இருக்கிறதே, அது மற்ற ஆமையின் அடியில் கொடுத்துப் புரட்டுவதற்குத்தான். 19 செ.மீ.யில் உங்கள் சல்காட்டா இன்னும் குழந்தை. 30 செ.மீ. தாண்டியதும் அந்த வேலையைத் தொடங்கிவிடும்.

முறைவைத்து விடும் யோசனை வேண்டாம். அதுவும் சேர்த்து வளர்ப்பதுதான், நேரம் மட்டும் மாறுகிறது. குடற்புழுக்களின் முட்டைகள் மலத்தோடு மண்ணில் விழுந்து வாரக்கணக்கில், சிலவகை மாதக்கணக்கில், உயிரோடு கிடக்கும். திங்கட்கிழமை ரஷ்யன் போட்ட மலத்தைச் செவ்வாய்க்கிழமை சல்காட்டா தின்னும். ஆமைகள் மலம் தின்னும் பழக்கமுள்ளவை, அதைத் தடுக்க முடியாது.

கல்சுவர்

முற்றத்தின் கணக்கைச் சொல்கிறேன்.

கம்பிவலை இரண்டு காரணத்துக்காக ஆகாது. மறுபக்கம் தெரிந்தால் ஆமை அந்தப் பக்கம் போக வழி இருப்பதாகவே நினைத்து, நாள் முழுக்க வேலியோரம் நடந்து மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூக்கோடு மூக்கு ஒட்டவும் முடியும். மைக்கோபிளாஸ்மா என்ற சுவாச நோய்க்கிருமி பரவுவது முக்கியமாக இப்படிப்பட்ட நேரடித் தொடுதலில்தான். அதனால் தடுப்பு கண்ணுக்கு மறைவான சுவராக இருக்க வேண்டும். ஒரு சுவர் போதாது, இரண்டு. நடுவில் நீங்கள் நடந்து போகும் அளவுக்கு இடைவெளி.

உங்கள் 9 மீட்டர் நீளத்தை 5.5 + 0.6 + 2.9 என்று பிரியுங்கள். 5.5க்கு 6 மீட்டர் பகுதி, அதாவது 33 சதுர மீட்டர், சல்காட்டாவுக்கு. 60 செ.மீ. நடைபாதை. மிச்சமுள்ள 2.9 மீட்டர் பட்டையில் 3 மீட்டரை ரஷ்யனுக்கும், மறுபடி 60 செ.மீ. பாதை விட்டு, 2.4 மீட்டரை ரெட்ஃபூட்டுக்கும் கொடுங்கள். ரஷ்யனுக்கு 8.7 சதுர மீட்டர், ரெட்ஃபூட்டுக்குச் சுமார் 7. இவை இரண்டுக்கும் இது தாராளம். சல்காட்டாவுக்கு 33 சதுர மீட்டர் சில வருடங்களுக்கு மட்டும்தான். வளர்ந்த ஆண் 75, 80 செ.மீ. நீளம், 45 கிலோவுக்கு மேலும் போகும். அப்போது முற்றம் முழுவதுமே அதற்குப் பற்றாது. அந்த நாளுக்கான இடத்தை இப்போதே யோசித்து வையுங்கள்.

சுவர். ரஷ்யன் அளவில் சின்னதானாலும் ஏறுவதிலும் தோண்டுவதிலும் கெட்டிக்காரன். தரைக்கு மேல் 45 செ.மீ., உச்சியில் உள்நோக்கி 10 செ.மீ. நீட்டிய பலகை. மூலைகளில்தான் இரண்டு சுவரிலும் காலை ஊன்றி ஏறும், ஆகவே ஒவ்வொரு மூலைக்கும் முக்கோணப் பலகை ஒன்றை மூடிபோல் போடுங்கள். தரைக்குக் கீழே 30 செ.மீ. ஆழத்துக்குச் சுவர் இறங்க வேண்டும். ரெட்ஃபூட் தோண்டுவதில்லை என்றே சொல்லலாம், 40 செ.மீ. உயரமும் 15 செ.மீ. ஆழமும் போதும்.

சல்காட்டாவுக்கு ஹாலோ பிளாக், தரைக்கு மேல் மூன்று வரிசை (60 செ.மீ.), கீழே இரண்டு வரிசை. இப்போதே பிளாக்கின் குழிகளில் கம்பி நட்டு கான்கிரீட் நிரப்பிவிடுங்கள். 25 கிலோ ஆமை தினமும் ஒரே இடத்தில் முட்டினால், வெறுமனே அடுக்கிய பிளாக் சரிந்துவிடும். ஆழத்தைப் பொறுத்தவரை ஓர் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். சல்காட்டா மீட்டர் கணக்கில் வளை தோண்டும், எந்த அஸ்திவாரமும் அதைவிட ஆழமாக இருக்காது. அதனால் ஆழத்தை நம்பாமல், தோண்டும் இடத்தை நீங்கள் தீர்மானியுங்கள். ஆமை தோண்டத் தொடங்குவது சுவரின் காலடியில்தான். சுவரை ஒட்டி உள்பக்கம் முழுக்க 60 செ.மீ. அகலத்துக்குக் கல் பலகை பதித்துவிடுங்கள். சுவரிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி, நடுவில், மண்மேடு ஒன்றைக் கட்டி அதன் பக்கவாட்டில் வளைக்கு வாய் வைத்துக் கொடுங்கள். நிழலும் மறைவும் அங்கே கிடைத்தால் பெரும்பாலும் அங்கேயே தோண்டும். மாதம் ஒரு முறை ஒரு நீளக் கம்பை வளைக்குள் விட்டு, எந்தத் திசையில் எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து சரிவு. பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் இதுதான். வறண்ட இடம் கேட்பது ரஷ்யன், அதனால் அதை மேட்டில் வைக்கத் தோன்றும். மழை பெய்தால் அதன் மலத்தைக் கழுவிய தண்ணீர் நேராகப் பள்ளத்தில் உள்ள ரெட்ஃபூட்டின் பகுதிக்கு வரும். நீங்கள் கட்டிய இரட்டைச் சுவரின் பயன் அங்கே போய்விடும். இதற்காகத்தான் நடைபாதையின் நடுவே 15 செ.மீ. ஆழ, 20 செ.மீ. அகல வாய்க்கால் வெட்டிச் சரளைக்கல் நிரப்பச் சொல்கிறேன். தண்ணீர் அதில் இறங்கி முற்றத்துக்கு வெளியே போக வேண்டும். அந்தச் சரளைக்கல் அடைப்புக்குள் சிதறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆமைகள் சின்னக் கல்லை விழுங்கும், குடல் அடைத்துக்கொள்ளும்.

கிரியோசோட் (தார் எண்ணெய்) பூசிய பழைய மரக்கட்டைகளைச் சுவராகப் போடாதீர்கள். வேலியோரம் அரளி இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள், அதன் காய்ந்த இலைகூட விஷம். 15 செ.மீ.க்குக் குறைந்த ஆமை வெளியே இருக்கும்போது மேலே வலை மூடி கட்டாயம். காகம், எலி, நாய் மூன்றும் காரணம்.

ஈரமானி

அறை பற்றி நான். "மூன்றையும் எந்த வெப்பநிலையில்" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. அறையை 22 முதல் 24 டிகிரியில் விட்டு, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அதனதன் தட்பவெப்பத்தை உண்டாக்குவதுதான் வழி.

ரஷ்யனுக்குத் திறந்த மேசைப்பெட்டி, 240க்கு 120 செ.மீ. விளக்கின் அடியில் 33 முதல் 36 டிகிரி, மறுகோடியில் 20 முதல் 24. இரவில் 16, 18 வரை இறங்கலாம், ஹீட்டர் வேண்டாம். காற்றில் ஈரம் 40, 50 சதவீதம். மண் 20 செ.மீ. ஆழம், தோட்டமண் 6 பங்கு, மணல் 4 பங்கு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வறண்ட நிலத்து ஆமை என்பதால் மண்ணையும் காயப்போட்டுவிடுகிறார்கள். அது இயற்கையில் ஈரமான வளைக்குள் ஒடுங்கி வாழும் ஆமை. மேல்மண் காய்ந்தும், அடியில் 10 செ.மீ. கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்திலும் இருக்கட்டும்.

ரெட்ஃபூட்டுக்கு மூடிய பெட்டி. இப்போதைய அளவுக்கு 120க்கு 60 சமாளிக்கும், 20 செ.மீ. ஆனதும் 240க்கு 120 வேண்டும். எங்கு தொட்டாலும் 26 முதல் 30 டிகிரி, விளக்கின் அடியில் 31 முதல் 33, இரவில் 22க்குக் கீழே போகவே கூடாது. ஈரப்பதம் 70 முதல் 85. கோகோபீட்டும் பெரிய மரப்பட்டைத் துண்டும் கலந்து 12 செ.மீ. தண்ணீரை மேலே தெளிக்காதீர்கள். நான்கு மூலையிலும் மெல்ல ஊற்றினால் அடிமண் நனையும், மேற்பரப்பு காய்ந்திருக்கும். மேற்பரப்பு சதசதவென்று இருந்தால் வயிற்றோட்டில் அழுகல் பிடிக்கும். அடி ஓட்டின் தையல்கோடுகளில் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் அதுதான் தொடக்கம்.

சல்காட்டாவுக்கு விளக்கடியில் 35 முதல் 38, மற்ற இடத்தில் 26, 27. ஓடு மேடு மேடாகக் கூம்பி வளர்வதற்குப் பெரிய காரணம் குட்டிப் பருவத்தில் ஈரம் போதாமை. 25 செ.மீ. தாண்டும்வரை ஈரப்பதத்தை 60, 70க்குக் குறைய விடாதீர்கள். உறங்கும் மறைவுக்குள் 80 இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பருவத்தில் இரவிலும் 25, 26 டிகிரி வேண்டும். ஈரமும் குளிரும் ஒன்று சேர்ந்தால்தான் நுரையீரல் பாதிக்கும். ஈரமும் சூடும் சேர்வது குட்டிக்கு நன்மை.

உங்கள் ரெட்ஃபூட்டின் எடை இறங்கியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ரஷ்யனுக்கு ஏற்ற வறண்ட பெட்டியில் அது தண்ணீர் வற்றிப்போகும், கண் வீங்கும், மண்ணுக்குள் புதைந்தே கிடக்கும். ஈரத்தைக் கூட்டினால் ரஷ்யனுக்கு மூக்கில் ஒழுகும். நடுவாந்தரமாக 60 சதவீதம் வைத்தால் இரண்டும் மெல்ல மெல்லக் கெடும், அவ்வளவுதான்.

யூவிபிக்கு டி5 நீளக் குழல்விளக்கு. சுருள்விளக்கு வேண்டாம். ரஷ்யனுக்கும் சல்காட்டாவுக்கும் முதுகு மட்டத்தில் யூவி குறியீடு 3 முதல் 5 வரை. காட்டு நிழலில் வாழும் ரெட்ஃபூட்டுக்கு 1 முதல் 2 போதும், ஒதுங்க நிறைய நிழலும் வேண்டும். விளக்குக்கும் ஆமைக்கும் நடுவே கம்பிவலை இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, சில வலைகளில் பாதிவரைகூட, குறைந்துவிடும். கண்ணாடி ஏறக்குறைய முழுவதையும் தடுத்துவிடும். யூவி குறியீட்டை அளக்கும் ‘சோலார்மீட்டர் 6.5’ என்ற கருவி கையில் இருந்தால் அளந்து பாருங்கள், இல்லாவிட்டால் 12 மாதத்துக்கு ஒருமுறை குழலை மாற்றுங்கள். எரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது, கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், யூவிபி வடிந்திருக்கும்.

பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். மேல்பெட்டியின் மண்ணும் தண்ணீரும் கீழே சிந்தும்.

புல்வெளி

மற்றபடி எல்லாம் சரி. ஆனால் எல்லா இனத்தையும் பிரித்தே ஆக வேண்டும் என்பது கொஞ்சம் அதிகமில்லையா? சல்காட்டாவும் லெப்பர்டும் இரண்டுமே ஆப்பிரிக்கப் புல்வெளி ஆமைகள், இரண்டும் புல்தான் மேயும், இரண்டுக்கும் குளிர் உறக்கம் கிடையாது. இடம் பெரிதாக இருந்தால் சேர்த்து விடலாம் என்றுதான் நான் புரிந்துவைத்திருக்கிறேன். உயிரியல் பூங்காக்களிலும் கலந்து வைத்திருக்கிறார்களே.

மண்மேடு

புல்வெளி, உணவும் தட்பவெப்பமும் ஒத்துப்போவது உண்மை. கலப்பதென்றால் குறைந்த கெடுதல் அந்த ஜோடிதான். ஆனாலும் செய்ய வேண்டாம் என்பேன்.

பெரிய காரணம் நோய். ஓர் இனம் நெடுங்காலம் சுமந்து பழகிய கிருமி அதை ஒன்றும் செய்யாது. பழக்கமில்லாத இன்னோர் இனத்தைச் சில வாரத்தில் கொன்றுவிடும். ஆமைகளின் ஹெர்பிஸ் வைரஸ் இதற்குக் கண்ணெதிரே உள்ள சான்று. கிரேக்க ஆமைகள் பல நேரம் அதைத் தாங்கிக்கொண்டு வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். அதே வைரஸ் ஹெர்மன் ஆமைக்குத் தொற்றினால் நாக்கிலும் வாயிலும் மஞ்சள் படலம் கட்டி, மூக்கொழுகி, சாப்பிட முடியாமல் பெரும்பாலும் செத்துவிடும். ஒருமுறை தொற்றினால் ஆயுள் முழுக்க உடலில் தங்கும். உங்கள் ரஷ்யன் இனத்தைச் சேர்ந்தவையும் இந்த வைரஸின் இன்னொரு வகையைச் சுமப்பது பதிவாகியிருக்கிறது. நீர் ஆமைகளோடு சேர்ப்பது இன்னும் மோசம். எண்டமீபா இன்வேடன்ஸ் என்ற அமீபாவை அவை சத்தமில்லாமல் சுமக்கும். ரெட்ஃபூட்டுக்கும் லெப்பர்டுக்கும் அது குடலையும் ஈரலையும் அரித்துவிடும்.

அடுத்தது பலம். லெப்பர்ட் பொதுவாக ஒதுங்கிப்போகும் சுபாவம். சல்காட்டா ஆண் ஒதுங்காது. இடம் எவ்வளவு பெரிதானாலும் தண்ணீர்த் தட்டும் இரவுக் கொட்டகையும் ஒரே இடத்தில்தானே இருக்கும், மோதல் அங்கே நடக்கும். இவை இரண்டும் இணைசேர்ந்து கலப்புக் குட்டிகள் பிறந்ததும் உண்டு.

பூங்காக்களில் கலந்து வைப்பது, முழுநேர மருத்துவரும் ஆய்வுக்கூடமும் தனிமைப்படுத்தும் கட்டடமும் கையில் இருப்பதால். வீட்டு முற்றத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

புல்வெளி

ஹெர்பிஸ் விஷயம் இவ்வளவு என்று தெரியாது. என் வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தோட்டவாசல்

எல்லாருக்கும் மிக்க நன்றி. ரெட்ஃபூட்டை நேற்று இரவே மாற்றிவிட்டேன். இனி என்னென்ன பரிசோதனை, எந்த வரிசையில்? பாதுகாப்புக்குப் புழுமருந்து கொடுத்துவிடலாமா? பிறகு ஒரு நட்சத்திர ஆமையும் வளர்க்க ஆசை இருக்கிறது, அதற்கு எப்போது இடம் பண்ணலாம்?

மண்மேடு

ஐந்து வாரம் ஒன்றாக இருந்ததால் ரஷ்யனையும் ரெட்ஃபூட்டையும் ஒரே கிருமிக்கு ஆளானவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த நாளிலிருந்துதான் தனிமைக் கணக்கு தொடங்குகிறது. குறைந்தது 6 மாதம், முடிந்தால் ஒரு வருடம். சல்காட்டா இதுவரை தப்பித்திருப்பதால் தினமும் முதல் வேலை அதற்கு, பிறகு ரெட்ஃபூட், கடைசியில் ரஷ்யன். இந்த வரிசை ஒருநாளும் தலைகீழாகக் கூடாது.

ஒவ்வோர் அடைப்புக்கும் தனி மண்வெட்டி, தனித் தட்டு, தனிக் குளியல்தொட்டி, தனிக் கையுறை. கைப்பிடியில் மூன்று நிறத்தில் டேப் சுற்றிவிட்டால் அவசரத்தில் மாறாது. குளியல்தொட்டி ஏன் தனியாக என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் விட்ட சில நிமிடத்தில் ஆமை மலம் கழித்துவிடும், உடனே அதே தண்ணீரைக் குடிக்கவும் செய்யும். ஒன்று மிச்சம் வைத்த கீரையை எடுத்து இன்னொன்றுக்குப் போடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. மிச்சம் நேராகக் குப்பைக்குப் போகட்டும். ரெட்ஃபூட்டுக்கு வைக்கும் பழம் சல்காட்டாவின் பக்கம் போனால் வேறு தொல்லையும் வரும். நார் உண்ணும் குடலில் சர்க்கரை நொதித்து, வயிற்றுப்போக்கு வந்து, கசையுயிரிகள் (சாட்டை போன்ற வாலால் நீந்தும் குடல் நுண்ணுயிரிகள்) பெருகும்.

மலப் பரிசோதனை மூன்று முறை, மூன்று வார இடைவெளியில். ஒருமுறை ஒன்றுமில்லை என்று வந்தால் போதாது, முட்டைகள் விட்டுவிட்டுத்தான் வெளிவரும். மாதிரியைக் காற்றுப் புகாத டப்பாவில் எடுத்து அன்றே கொடுங்கள். புழு முட்டை பார்க்கக் குளிர்பெட்டியில் வைத்தாலும் பரவாயில்லை. கசையுயிரியும் அமீபாவும் உயிரோடு நகர்வதைப் பார்க்க வேண்டுமானால் ஆறாமல், சில மணி நேரத்துக்குள் மைக்ராஸ்கோப்புக்குப் போக வேண்டும். ஹெர்பிஸுக்கு வாயில் ஒற்றியெடுத்தும் மைக்கோபிளாஸ்மாவுக்கு மூக்கைக் கழுவியெடுத்தும் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) கேளுங்கள். வைரஸ் ஒளிந்திருக்கும் நேரத்தில் பிசிஆர் இல்லையென்றே காட்டும். அதனால் இரண்டாவது முறையும் செய்யச் சொல்கிறேன்.

புழுமருந்தை நீங்களாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு எமன். நாய், மாடு, பாம்புக்குக் கொடுக்கிறார்களே என்று கொடுத்தால் கை கால் செயலிழந்து மூச்சு நின்றுவிடும். ஃபென்பெண்டசோல் ஆமைக்குக் கொடுப்பதுதான், ஆனால் அளவு கூடினால் வெள்ளையணுக்கள் சரியும். எடை பார்த்து மருத்துவர் எழுதட்டும். சில ஊசிப்புழுக்கள் மலத்தில் இருப்பது நோயும் இல்லை, எண்ணிக்கையை வைத்துத்தான் மருந்து தேவையா என்று முடிவு செய்வார்கள்.

தட்டு, தொட்டிகளைச் சோப்பால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் பிளீச். 5 சதவீத வீட்டு பிளீச் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு, 10 நிமிடம் ஊறி, நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும். அழுக்கின் மேல் பிளீச் ஊற்றினால் வீண். ஹெர்பிஸ், மைக்கோபிளாஸ்மா இரண்டும் இதில் சுலபமாகச் சாகும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி சாகாது, அதற்கு நீராவியோ கொதிநீரோதான் கைகொடுக்கும். அந்த நோய் உறுதியானால் பழைய மண்ணை முழுவதும் வெளியேற்றிவிட வேண்டியதுதான்.

நட்சத்திர ஆமைக்கு முதலில் தாள்கள். 2019 முதல் அது, அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதலாம் பின்னிணைப்பில் இருக்கிறது. காட்டிலிருந்து பிடித்த ஆமைகளின் பன்னாட்டு வணிகத்துக்கு முற்றிலும் தடை. உள்நாட்டுச் சட்டம் அதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம், வளர்ப்பதே குற்றமாகவும் இருக்கலாம். சட்டப்படி வாங்க வழி இருந்தாலும், அதற்கு நான்காவது அடைப்பும் நான்காவது கருவித் தொகுதியும் தயாரான பிறகே. குளிரும் ஈரமும் சேர்ந்தால் முதலில் படுப்பது அதுதான். இந்த மூன்றின் கணக்கு முடியாமல் தொடங்க வேண்டாம்.

கல்சுவர்

இரவுக் கொட்டகை விட்டுப்போயிற்று. சல்காட்டாவுக்கு 1.2க்கு 1.2 மீட்டர், 60 செ.மீ. உயரம், இரண்டு பிளைவுட்டுக்கு நடுவே 5 செ.மீ. தெர்மாகோல் அட்டை. வாசலில் தடித்த பிளாஸ்டிக் பட்டைகளைத் தொங்கவிடுங்கள். சூட்டுக்குக் கூரையில் பதிக்கும் வெப்பப் பலகை, தெர்மோஸ்டாட் 26இல். தாழத் தொங்கும் ஒற்றை விளக்கை வைக்காதீர்கள். ஆமை வளர வளர முதுகின் உச்சி விளக்கை நெருங்கிவிடும், ஓட்டின் நடுவில் மட்டும் வெந்து, காலும் வயிறும் குளிர்ந்தே இருக்கும். ஓடு தீய்ந்தாலும் ஆமை பல நேரம் விலகிப் போகாது. விளக்குதான் வைக்க முடியும் என்றால் நான்கைச் சதுரமாக, உயரத்தில், உடல் முழுவதும் சமமாகச் சூடு விழும்படி வையுங்கள்.

ரஷ்யனைக் குளிர் உறக்கத்துக்கு விடுவதாக இருந்தால் அந்த இடம் 4 முதல் 6 டிகிரி. 2க்குக் கீழே இறங்கினால் கண்ணும் நரம்பும் உறைந்து சேதமாகும், 10 தாண்டினால் பாதி விழிப்பில் சேமிப்பைக் கரைக்கும். எடை சரியில்லாத, பரிசோதனை முடியாத ஆமையை இந்த வருடம் விட வேண்டாம். ரெட்ஃபூட்டும் சல்காட்டாவும் அந்தக் குளிரில் பிழைக்காது, தவறியும் கூடவே வைத்துவிடாதீர்கள்.

தோட்டவாசல்

சரி. அறையில் ரஷ்யனையும் ரெட்ஃபூட்டையும் எதிரெதிர் சுவரோரம் வைத்திருக்கிறேன், நடுவில் 2 மீட்டர் இருக்கிறது. சல்காட்டாவைப் பக்கத்து அறைக்கு மாற்றியிருக்கிறேன். முற்றத்துக்கு முதலில் வாய்க்கால், பிறகு சுவர். ஒரே ஒரு சந்தேகம். ரஷ்யன் மேசைப்பெட்டியின் ஒரு மூலையை விடாமல் சுரண்டுகிறது. இடம் போதவில்லையா?

ஈரமானி

இடம் மாறிய முதல் இரண்டு வாரம் அப்படித்தான் சுற்றும். அதற்குள் மூன்றைச் சரிபாருங்கள். பெட்டியின் பக்கம் கண்ணாடி அல்லது ஒளிபுகும் பிளாஸ்டிக்காக இருந்தால் வெளிப்பக்கம் 20 செ.மீ. உயரத்துக்கு அட்டை ஒட்டுங்கள். அந்த மூலையில் தரை மட்டத்தில் வெப்பமானியை வைத்து, மற்ற இடத்தைவிடச் சூடாகவோ குளிராகவோ இருக்கிறதா என்று பாருங்கள். மண் உண்மையாகவே 20 செ.மீ. இருக்கிறதா என்று ஸ்கேலை இறக்கி அளந்துவிடுங்கள். 8, 10 செ.மீ.யில் அடித்தட்டு நகத்தில் தட்டினால் விடாமல் சுரண்டும். அந்த மூலையிலேயே மண்ணைக் குவித்து, மேலே கூரை ஓட்டுத்துண்டு ஒன்றைச் சாய்த்து வையுங்கள். உடல் முழுவதும் உள்ளே மறையும் அளவுக்கு மண் கிடைத்தால் ஓரிரு நாளில் அதற்குள் இறங்கிவிடும்.